இரண்டாவது றொமேஷ்

"அம்மா, நீங்க ஒண்டுக்கும் பயப்படாதீங்க. உள்ளுக்கு ஒரு அண்ணன் இருக்கிறார். அவர் என்னை நல்லாப் பாத்துக்கொள்றார்."

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று றொமேஷ் இதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தாய்க்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னான். ஆனால் மகன் சாப்பிடட்டும் என்று யூஜீனியா கொண்டுவந்திருந்த பாண் பொதி நழுவித் தரையில் விழுந்தது. அவள் குனிந்து அதை எடுக்கவில்லை. பின்னால் நின்ற கிழவர் ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

இதே வசனத்தை அவள் முன்பும் ஒருமுறை கேட்டிருந்தாள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், இதே போன்ற ஒரு வலைக்கு இந்தப் பக்கம் நின்று. அன்று அந்தப் பக்கம் நின்றவன் அவளுடைய தம்பி டிலக்‌ஷன். அவனுக்கு அப்போது பதினேழு வயது. ஒரு பைசிக்கிளைத் திருடியதற்காகப் பெரியவர்களோடு பெரியவனாகச் சிறை மறியலுக்கு அனுப்பியிருந்தார்கள். "அக்கா, உள்ளுக்கு ஒரு அண்ணன் என்னைப் பாத்துக்கொள்றார்" என்றான். அந்த அண்ணன் அவனை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. டிலக்‌ஷன் வெளியே வந்து நான்கு மாதத்தில் மறுபடி உள்ளே போனான். அதற்குப் பிறகும் போனான். இன்றுவரை ஐந்து தடவை.

"எத்தனை நாளாப் பாத்துக்கொள்றார்?" என்று கேட்டாள் யூஜீனியா.

"வந்த அண்டையிலிருந்து. சாப்பாடும் தாறார், படுக்க இடமும் எடுத்துத் தந்தார். வெளியில வந்ததும் புத்தளத்தில ஒரு வேலையும் இருக்காம்."

மறியலுக்கு வந்து ஆறே நாள். அதற்குள் வேலையும் பேசி முடித்துவிட்டார்கள்!

யூஜீனியா வலையை இரண்டு கையாலும் பிடித்தாள். "அந்த அண்ணனுக்குச் சொல்லு, உன்னைப் பாத்துக்கொள்ள உன்ட அம்மா உயிரோட இருக்கிறாள் எண்டு."

"அம்மா, நான் என்ன சின்னப் பிள்ளையா? எனக்குப் பதினெட்டு."

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அந்த இடத்தில் சொல்ல முடியாத ஒன்று அவள் நெஞ்சுக்குள் பதினாறு வருஷமாகக் கிடந்தது. கற்பிட்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அவள் ஒரு முடிவோடுதான் உட்கார்ந்தாள்.

யூஜீனியா கருவாட்டுக்காரி. கற்பிட்டிக் கடற்கரையில் மீனை வெட்டி, உப்பிட்டு, மணலில் விரித்த வலையின் மேல் காயப் போட்டு விற்பவள். புருஷன் கிறகோரி போய் ஐந்து வருஷம். படகிலிருந்து இறங்கியவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே கரையில் சரிந்தான். அதற்குப் பிறகு அவளுக்கு உலகத்தில் இருந்தது மகன் ஒருவன்தான். அவனும் படிப்பை விட்டுவிட்டு, அடையாள அட்டையைக் காட்டி, கடலுக்குப் போகும் வயது வந்துவிட்டதென்று வின்சன்ட் முதலாளியின் படகில் வேலைக்குச் சேர்ந்தான்.

நடந்த குற்றம் இதுதான். மறைக்க ஒன்றுமில்லை. படகில் தூங்கிவிட்டான் என்று வின்சன்ட் அவனைக் கரையில் எல்லோர் முன்னாலும் செருப்பால் அடித்துத் துரத்தினார். ஒரு வாரம் கழித்து, கோயில் திருநாளன்று ஊரே புனிதரின் சுருவத்துக்குப் பின்னால் சுற்றுப்பிரகாரம் போய்க்கொண்டிருந்த பின்நேரத்தில், கரையில் இழுத்து வைத்திருந்த படகிலிருந்து றொமேஷ் எஞ்சினைக் கழற்றினான். சாக்கால் சுற்றி முச்சக்கர வண்டியில் ஏற்றிப் புத்தளத்துக்குக் கொண்டுபோனான். அங்கே வாங்க வந்தவருக்கு எஞ்சினில் இருந்த நீல நிறப் பூச்சு யாருடையது என்று தெரிந்திருந்தது. இருட்டுவதற்குள் பிடிபட்டான். பொலிஸில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். அடையாள அட்டையில் இருந்த பிறந்த தேதியை எழுதினார்கள்: இரண்டாயிரத்து ஆறு, மார்ச் மூன்று. பதினெட்டு வயதும் மூன்று மாதமும். ஆகவே பெரியவர்களின் நீதிமன்றம், பெரியவர்களின் மறியல்.

ஆனால் மார்ச் மூன்றாம் தேதி பிறந்தவன் இந்த றொமேஷ் அல்ல!

அன்று வீட்டுக்கு வந்ததும் யூஜீனியா தகரப் பெட்டியைத் திறந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தம்பி டிலக்‌ஷன் அடுப்படியில் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். வெளியே இருக்கும் காலங்களில் அவன் அக்கா வீட்டு விறாந்தையில் படுப்பான், கரையில் ஐஸ் பெட்டி தூக்குவான்.

"தம்பி, உன்னட்ட ஒண்டு கேக்கிறேன். உண்மை சொல்லு. அண்டைக்கு உன்னைப் பெரிய மறியலுக்கு அனுப்பாம இருந்திருந்தா நீ திருந்தியிருப்பியா?"

அவன் சிரித்தான். "என்ன அக்கா, திடீரெண்டு பொலிஸ் மாதிரிக் கேக்கிறீங்க?"

"சொல்லுடா."

டிலக்‌ஷன் கோப்பையைக் கீழே வைத்தான். "திருந்தியிருப்பேனோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனா ஒண்டு தெரியும். உள்ளுக்குப் போகேக்க எனக்குப் பைசிக்கிள் ஓடத்தான் தெரியும், அதோட எடுத்துக்கொண்டு ஓடினேன். வெளியில வரேக்க அஞ்சு விதமான பூட்டுத் திறக்கத் தெரியும். ஆருக்கு விக்கலாம், ஆரட்ட ஒளிக்கலாம், எல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்தில பத்து வருஷம் ஒண்டும் ஏறாத மண்டைக்குள்ள அவங்கள் எட்டு மாசத்தில எல்லாத்தையும் ஏத்திப்போட்டாங்கள்." கோப்பையை மறுபடி எடுத்து அக்காவிடம் நீட்டினான். பிறகு, "அந்த அண்ணன் கெட்டவன் இல்ல அக்கா. அதுதான் பிரச்சினை. அடிக்க வந்தவங்களை மறிச்சவர் அவர். வெளியில வந்து கூப்பிட்டார். நான் எப்பிடி மாட்டேன் எண்டு சொல்றது?" என்றான்.

யூஜீனியா சான்றிதழை அவன் முன்னால் விரித்தாள். "இது ஆருடையது?"

"றொமேஷுடையது."

"எந்த றொமேஷ்?"

டிலக்‌ஷன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவன் முதல் தடவை உள்ளே இருந்த காலத்தில் அக்காவுக்கு ஒரு குழந்தை பிறந்தது தெரியும். உள்ளேயும் வெளியேயுமாகத் திரிந்ததில், அந்தக் குழந்தைதான் இந்த றொமேஷ் என்று அத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.

அவள் சொன்னாள். அழாமல் சொன்னாள்.

முதல் பிள்ளை சிலாபம் ஆஸ்பத்திரியில் பிறந்தது. அங்கேயே பதிந்து சான்றிதழும் எடுத்தார்கள். மீன் காலம் வந்ததும் குடும்பத்தோடு உச்சமுனைத் தீவுக்கு வாடி போட வந்தார்கள். வாடி என்றால் நாலு கம்பும் ஓலைக் கிடுகும். காலம் முடிந்ததும் பிரித்துக்கொண்டு போவது. நவம்பரில் பிள்ளைக்குக் காய்ச்சல். வாடைக்காற்று கடலைப் புரட்டிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் ஒரு படகும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் கடல் அடங்கியது. அதற்குள் பிள்ளையும் அடங்கிவிட்டது. எட்டு மாதம். உபதேசியார் செபம் சொல்ல, தீவின் மணலிலேயே புதைத்தார்கள். சாவைப் பதியவில்லை. போய்ப் பதிந்து வா என்று கிறகோரி சொன்னபோதெல்லாம் அவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஒரு கிளாக்கரின் முன்னால் நின்று, தன் பிள்ளை இல்லை என்று சொல்லிக் கையெழுத்து வைக்க எந்தத் தாய்க்குத்தான் கை வரும்!

இரண்டாயிரத்து எட்டு ஜனவரி பதினொன்றாம் தேதி, அதே தீவில், அதே வாடியில் இரண்டாவது பிள்ளை பிறந்தது. இறந்த பிள்ளையின் பெயரை அடுத்த பிள்ளைக்கு வைப்பது அவர்களிடையே இருந்த வழக்கம்தான். முன்னவனைக் கொண்டுபோன புனிதர் பின்னவனை விட்டுவைப்பார் என்று ஒரு நேர்த்தி. இவனும் றொமேஷ் ஆனான். தீவில் பிறந்ததால் பதிவு தள்ளிப் போனது. தள்ளிப் போய் மறந்தே போனது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் நாள் வந்தபோது கிறகோரி தகரப் பெட்டியைத் திறந்தான். "பேர் ஒண்டு, அப்பன் ஒண்டு, ஆத்தா ஒண்டு. தாள் இருக்குதானே" என்றான். அவ்வளவுதான். அன்றிலிருந்து இந்தப் பிள்ளைக்கு இருபத்திரண்டு மாதம் கூடிவிட்டது.

மார்ச் மூன்றில் கேக் வெட்டினார்கள். ஜனவரி பதினொன்றில் யூஜீனியா மட்டும் கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்துவாள். ஏன் என்று மகன் கேட்டதில்லை.

"அப்ப அவனுக்கு இப்ப..." டிலக்‌ஷன் விரலை மடித்து எண்ணினான். "பதினாறு!"

"பதினாறும் அஞ்சு மாசமும்."

"அக்கா, ஓடிப்போய்ச் சொல்லுங்க! நிக்காதீங்க!"

அடுத்த நாள் காலையில் அவள் சட்டத்தரணி சுலக்ஷனாவின் முன்னால் இருந்தாள். உடப்பைச் சேர்ந்த இளம் பெண். வசதி இல்லாதவர்களுக்காக வழக்குப் பேசுபவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பேனையை மூடினாள்.

"அக்கா, நீங்க சொல்றது உண்மையெண்டா அவனைப் பெரியவங்களோட விசாரிக்க முடியாது. சிறுவர் நீதிமன்றத்துக்குப் போகும். அங்க தண்டனையை விடத் திருத்திறதைத்தான் முதல்ல பாப்பாங்க. வீட்டில வச்சே நன்னடத்தை அதிகாரியின்ட கண்காணிப்பில விடவும் வழியிருக்கு. இப்பவே அந்த மறியலிலிருந்து எடுத்துச் சிறுவர் காப்பகத்துக்கு மாத்தலாம்."

"அதுதான் எனக்கு வேணும்."

"ஆனா வயசு பிழையெண்டு நிரூபிக்கிறதெண்டா, செத்த பிள்ளையின்ட சான்றிதழைத் தெரிஞ்சுகொண்டே பாவிச்சதா நீங்க கோட்டில சொல்ல வேண்டி வரும். உங்களுக்கும் வழக்கு வரும். யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சிட்டுத்தான் வந்தேன். வரட்டும்."

"வெறும் வாய்ச்சொல்லை நம்ப மாட்டாங்க. பிள்ளையைக் காப்பாத்த எல்லாத் தாயும் இப்பிடிச் சொல்லுவாள் எண்டுதான் பொலிஸ் சொல்லும். டொக்டர் பல்லையும் எலும்பையும் பாத்து ஒரு கணக்குச் சொல்லுவார், ஆனா அது சரியான வயசு இல்ல. ரெண்டு பிள்ளை இருந்தது எண்டதுக்கு ஆள் வேணும், எழுத்து வேணும். வழக்கின்ட அடுத்த தவணைக்கு எட்டு நாள்தான் இருக்கு."

எட்டு நாள். உள்ளே இருக்கும் அண்ணன் இன்னும் எட்டு நாள் அவனைப் பார்த்துக்கொள்வார். அந்த நினைப்பு அவளை உட்கார விடவில்லை.

ஆள் இருந்தது. இரண்டாவது பிள்ளை பிறந்தபோது தொப்புள் கொடி அறுத்தவள் ஜுனைதா. தீவில் பக்கத்து வாடியில் கருவாடு போட்ட கற்பிட்டிக்காரி. இப்போது அறுபது கடந்துவிட்டது. மகன் ஸாஜித்தின் வெங்காயத் தோட்டத்தில் இருக்கிறாள். யூஜீனியா போய் விஷயத்தைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அல்லாஹ்வே! என்ட கையில விழுந்த புள்ளையா ஜெயில்ல கிடக்குறான்? எந்தக் கோட்டுக்கு வரணும், சொல்லு மகள். நான் கத்திச் சொல்றேன்."

"நீங்க ரெண்டாவதைப் பாத்தனீங்க, ராத்தா. முதலாவது செத்ததைப் பாத்தவர் வேற ஆள். அந்தச் சின்னப் பெட்டிக்குப் படகுப் பலகை வெட்டினவர்."

"ஆரு அது? உபதேசியார்தான் மௌத்தாகி மண்ணுக்குப் போயிட்டாரே."

"வின்சன்ட் அண்ணன்."

ஜுனைதா தலையில் அடித்துக்கொண்டாள். எஞ்சினைக் களவு கொடுத்து முறைப்பாடு செய்தவரே வின்சன்ட்தான்!

இரண்டு பெண்களும் கரைக்குப் போனார்கள். வின்சன்ட் படகின் ஓரத்தில் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்தார். யூஜீனியாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார்.

"என்ன தங்கச்சி, மன்னிப்புக் கேக்க வந்தியா? கோட்டில கேளு. அவன் பெரிய ஆம்பிளை. அடையாள அட்டையைக் காட்டித்தானே என்னட்ட வேலைக்கு வந்தான்?"

"மன்னிப்புக் கேக்க வரேல்ல அண்ணே. அவன் களவெடுத்தான். தண்டனை குடுக்கட்டும். எனக்கு நீங்க ஒண்டு மட்டும் சொன்னாக் காணும். என்ட முதல் பிள்ளைக்கு உச்சமுனையில பெட்டி செஞ்சது ஆர் எண்டு."

வின்சன்ட்டின் கை வலையில் நின்றது. பிறகு மறுபடி ஓடியது.

"எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்ல."

"ஞாபகம் இல்லையா?" ஜுனைதா முன்னால் வந்தாள். "போன வருஷம் நான் ரெண்டு கிலோ சூடை மீன் கடன் வாங்கினது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு ஒனக்கு! பெட்டி செஞ்சது மறந்து போச்சா?"

"ராத்தா, நீங்க இதுக்குள்ள வராதீங்க."

"நான் அந்தக் கடலுக்குள்ளயே வந்தவ, ஒன்ட படகுக்குள்ள வர மாட்டேனா? எஞ்சின் திரும்பி வந்திச்சி. இந்தா, பின்னுக்கு மாட்டி இருக்கு. புள்ள திரும்பி வருமா? டிலக்‌ஷனைப் பாரு. அவனையும் இப்பிடித்தான் பெரிய ஆம்பிளை எண்டு அனுப்பினாங்க. இப்ப வருஷத்துக்கு ஒருக்கா ஒங்கட வலையும் காணாமப் போகுது, எங்கட தண்ணி மோட்டரும் காணாமப் போகுது. இன்னொருத்தனையும் அப்பிடியே செஞ்சு அனுப்பச் சொல்லு, ஊருக்கு நல்லம்!"

வின்சன்ட் வலைக்குள் தலையைக் குனிந்துகொண்டார். யூஜீனியா கெஞ்சவில்லை. "வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கோடு, அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

எழுத்துக்காகக் கோயிலுக்குப் போனாள். ஞானஸ்நானப் பதிவேடு இருந்தது. பங்குத்தந்தை புதியவர், இளைஞர். முதல் பிள்ளையின் ஞானஸ்நானம் சிலாபத்துப் பக்கத்தில் நடந்ததால் இங்கே இருக்காது. இரண்டாவது பிள்ளையின் பதிவு இருக்க வேண்டும். இரண்டாயிரத்து எட்டின் பக்கங்களைப் புரட்டினார். உப்புக் காற்றில் தாள் பழுத்திருந்தது.

"இந்தா இருக்கு. றொமேஷ். தகப்பன் கிறகோரி, தாய் யூஜீனியா. பிறந்தது ஜனவரி பதினொண்டு." அவர் நிமிர்ந்தார். "அம்மா, இது காணுமா? இதே பிள்ளைக்குத் தேதியைப் பிழையா எழுதிட்டாங்க எண்டு சொன்னா என்ன செய்வீங்க?"

 இரண்டு பிள்ளை இருந்ததற்கு எழுத்து வேண்டும் என்றுதான் சுலக்ஷனாவும் சொல்லியிருந்தாள்.

"பாதர், அந்த ஓரத்தில என்னமோ எழுதியிருக்கு."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். பழைய பங்குத்தந்தையின் சாய்ந்த கையெழுத்து. மை மங்கிப் பழுப்பாகியிருந்தது. ஒரே வரி. அவர் மெல்ல வாசித்தார்:

"முன்னவன் தீவில் மரித்தபடியால் அதே பெயர்."

யூஜீனியா அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். தன் முதல் பிள்ளை உலகத்தில் இருந்ததற்கும் போனதற்கும் யாரோ ஒருவர் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்! பதினேழு வருஷமாக அவள் அழாத அழுகை அங்கேதான் வந்தது. பாதர் கதிரையை இழுத்துப் போட்டு, அவள் அழுது முடியும்வரை காத்திருந்தார். முடிந்ததும் அவளே எழுந்து முகத்தைத் துடைத்தாள்.

"இதைப் பிரதி எடுத்து முத்திரை குத்தித் தாங்க, பாதர். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கோடு."

வெள்ளிக்கிழமை நீதிமன்றத்தில் றொமேஷைப் பெரியவர்களோடு சேர்த்துக் கூண்டில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் கையில் பச்சை குத்திய ஒருவன் அவன் தோளில் கை போட்டு நின்றான். அதுதான் அண்ணன் என்று யாரும் சொல்லாமலே யூஜீனியாவுக்குத் தெரிந்தது.

சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையில் என்றது. பொலிஸ் தரப்பு எழுந்து, அடையாள அட்டையை விட நம்பகமான அத்தாட்சி வேறு என்ன என்று கேட்டது. சுலக்ஷனா யூஜீனியாவைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினாள். வழக்கு சிங்களத்தில் நடந்தது. யூஜீனியாவுக்குக் கருவாடு விற்கும் அளவுக்குச் சிங்களம் தெரியும். ஆனால் அன்று தமிழில்தான் சொல்வேன் என்றாள். விலை பேசும் பாஷையில் பிள்ளையின் சாவைச் சொல்ல அவளால் முடியாது.

அவள் சொல்லச் சொல்ல மொழிபெயர்ப்பாளர் சொன்னார். கூண்டுக்குள் றொமேஷின் முகம் மாறிக்கொண்டே வந்தது. அடுத்தவனோடு கிசுகிசுத்துக்கொண்டு எதையும் காதில் வாங்காமல் நின்ற அண்ணனின் கையைத் தோளிலிருந்து தட்டிவிட்டு முன்னால் வந்து கம்பியைப் பிடித்தான். அவனுக்குக் கூடப்பிறந்த அண்ணன் ஒருவன் இருந்ததே அன்றுதான் தெரியும். அந்த அண்ணனின் தாளில்தான் இதுவரை வாழ்ந்தோம் என்பதும் அன்றுதான் தெரியும்.

நீதவான் பேனையை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "அம்மா, நீங்கள் சொல்வது உண்மையானால் நீங்கள் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்கள். அது விளங்குகிறதா?"

"விளங்குது ஐயா. என்னைப் பெரிய கோட்டில விசாரிங்க. எனக்கு நாப்பத்திமூணு வயசு. அவனை விசாரிக்காதீங்க எண்டு நான் கேக்கேல்ல. அவன் களவெடுத்தவன். சின்னக் கோட்டில விசாரிங்க. அவனுக்குப் பதினாறு."

 ஜுனைதா ஏறினாள், கொடி அறுத்ததைச் சொன்னாள், அன்று என்ன கிழமை, வாடியில் என்ன கறி என்பதையும் கேட்காமலே சொன்னாள். பதிவேட்டின் பிரதியை வாசித்தார்கள். 'முன்னவன்' என்ற சொல்லில் மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தடுக்கினார். "இந்த 'முன்னவன்' இதே தாயின் பிள்ளைதான் என்பதற்குச் சாட்சி உண்டா?" என்று நீதவான் கேட்டார்.

சுலக்ஷனா பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவர் எழுந்தார். வின்சன்ட்.

"ஐயா, முறைப்பாட்டுக்காரன் நான். என்ட எஞ்சின்தான் களவு போனது. அவனுக்குத் தண்டனை வேணும் எண்டு இப்பவும் சொல்றேன்." அவர் யூஜீனியாவின் பக்கம் திரும்பினார். "ஆனா அந்தப் பிள்ளைக்குப் பலகை வெட்டினது நான்தான். என்ட பழைய படகின்ட பலகை. நீளம் ரெண்டரை அடி. கிறகோரி பிடிச்சுக்கொள்ள நான்தான் ஆணி அறைஞ்சேன். இதைக் கேட்ட பிறகும் பேசாம இருந்தா நான் மனிசன் இல்ல."

அன்று பின்நேரமே றொமேஷ் அந்த மறியலிலிருந்து சிறுவர் காப்பகத்துக்கு மாற்றப்பட்டான். வழக்கு சிறுவர் நீதிமன்றத்துக்குப் போனது.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எழுதினால் அது பொய். காப்பகத்தில் முதல் தடவை பார்க்கப் போனபோது றொமேஷ் தாயைப் பார்க்க மறுத்தான். இரண்டாம் தடவை வந்தான், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப நான் ஆர்?" என்றான். "பேர் அவன்ட. பிறந்தநாள் அவன்ட. பள்ளிக்கூடத்தில கூப்பிட்டது அவனை. எனக்கெண்டு என்ன வச்சிருந்தீங்க அம்மா?"

"ஒவ்வொரு ஜனவரியும் ஒரு மெழுகுதிரி" என்றாள் அவள். 

மூன்றாம் தடவை அவனே கேட்டான். "அவன் எப்பிடி இருந்தான்?"

"உன்னை மாதிரி இல்ல. கத்த மாட்டான். ஆரைக் கண்டாலும் சிரிப்பான்."

"அப்ப நான்தான் மோசம்."

"ஓம், நீதான் மோசம். ஆனா நீ இருக்கிறாய்."

சிறுவர் நீதிமன்றம் அவனை இரண்டு வருஷம் நன்னடத்தை அதிகாரியின் கண்காணிப்பில் விட்டது. ஒவ்வொரு மாதமும் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். வேலை ஒன்றில் நிற்க வேண்டும். யூஜீனியாவைக் குற்றவாளி என்று கண்டு எச்சரித்து விட்டார்கள். தலை நிமிர்ந்து நின்றே கேட்டுக்கொண்டாள். பிறகு ஆறு மாதம் பதிவாளர், கிராம சேவகர், சத்தியக் கடதாசி என்று அலைந்து இரண்டு சான்றிதழ் எடுத்தாள். ஒன்று பிறப்பு, ஒன்று இறப்பு. எந்தக் கையெழுத்துக்குப் பயந்து பதினெட்டு வருஷம் ஓடினாளோ, அந்தக் கையெழுத்தை நடுங்காமல் வைத்தாள்.

ஜுனைதா றொமேஷை மகனின் வெங்காயத் தோட்டத்தில் சேர்த்துவிட்டாள். அவனுக்கு வெங்காயம் பிடிக்காது. "கடல் மணக்கும், இது நாறுது" என்பான். கூட்டாளிகள் அவனை "தம்பி" என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். ஒரே நாளில் இருபத்திரண்டு மாதம் இளமையானவன் அல்லவா? ஒரு மாதம் கையெழுத்து வைக்கப் போகாமல் ஒளித்துத் திரிந்தான். யூஜீனியா கருவாட்டை அப்படியே விட்டுவிட்டு, கரையில் கரம் போட் விளையாடிக்கொண்டிருந்தவனைச் சேர்ட்டில் பிடித்து பஸ்ஸில் ஏற்றினாள். வழி நெடுகப் பஸ் முழுக்கக் கேட்கும்படி திட்டினாள். அதற்குப் பிறகு அவன் ஒரு மாதமும் தவறவில்லை. பயத்திலா, வெட்கத்திலா என்று அவனுக்கே தெரியாது.

டிலக்‌ஷன் அந்த வருஷக் கடைசியில் ஆறாவது தடவையாக உள்ளே போனான். போகும்போது அக்காவிடம், "மருமகனைப் பாத்துக்கொள்ளுங்க" என்றான். தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற ஜனவரி பதினொன்றில் றொமேஷுக்கு உண்மையாகவே பதினெட்டு நிறைந்தது. கேக் வெட்டினார்கள். இனிமேல் பிழை செய்தால் பெரிய கோடுதான், பெரிய மறியல்தான், எந்தத் தாளும் வந்து காப்பாற்றாது. யூஜீனியா அதை அவனிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு நெஞ்சில் ஒரு கல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பெப்ரவரியில் ஒரு காலை. ஜுனைதாவும் யூஜீனியாவும் தோட்டத்து ஓரத்தில் உட்கார்ந்து வெங்காயத்தின் தாளை அரிந்துகொண்டிருந்தார்கள். றொமேஷ் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு மோட்டார் சைக்கிள் வந்து வேலியோரம் நின்றது. இறங்கியவனின் கையில் பச்சை குத்தியிருந்தது.

யூஜீனியாவின் கத்தி நின்றது. அவள் எழுந்தாள். ஜுனைதா அவள் சேலையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். "இரு மகள். அவன் என்ன சொல்றான் எண்டு பாப்பம்."

"டேய் றொமேஷ்!" என்றான் வந்தவன், வேலிக்கு மேலால் கையை நீட்டிக்கொண்டு. "எங்கெல்லாம் தேடினேன்! மறந்திட்டியா? அண்டைக்கு உள்ளுக்குக் கதைச்ச வேலை இப்ப சரி வந்திருக்கு. ஏறு, போவம்."

றொமேஷ் குழாயைக் கீழே போட்டான். கை நீட்டியவன் அவனுக்கு முதல் நாளே சாப்பாடு தந்தவன். படுக்க இடம் எடுத்துத் தந்தவன். டிலக்‌ஷனால் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் போனது இதே போன்ற ஒரு கையிடம்தான். தண்ணீர் பாத்தியில் ஓடிக்கொண்டிருந்தது. றொமேஷ் வேலியடிக்கு வந்தான். அந்தக் கையைப் பிடிக்கவில்லை.

"ஆரைத் தேடுறீங்க?"

"என்னடா பகிடி? உன்னைத்தான். றொமேஷ். இரண்டாயிரத்து ஆறு, மார்ச். உள்ளுக்குப் பதிஞ்ச புத்தகத்தில நான்தானே பாத்தேன்."

"அவர் செத்திட்டார்" என்றான் றொமேஷ்.

"என்ன?"

"இரண்டாயிரத்து ஆறு நவம்பரில செத்திட்டார். உச்சமுனையில புதைச்சிருக்கு. மரணச் சான்றிதழ் வீட்டில இருக்கு, வேணுமெண்டா கொண்டுவந்து காட்டுறேன்."  அவன் வேலியடியை விட்டு நகரவில்லை. "நான் அவர்ட தம்பி. எனக்கு உங்களைத் தெரியாது."

வந்தவன் அவனையும், வெங்காயக் கத்தியோடு எழுந்து நின்ற இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். "முழுப் பைத்தியக் குடும்பம்" என்று முணுமுணுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

புழுதி அடங்கியது. றொமேஷ் திரும்பி வந்து குழாயைத் தூக்கினான். 

"அம்மா," என்றான், அவளைப் பார்க்காமலே. "அழாதீங்க. வெங்காயம் எண்டு சொன்னாலும் ஆரும் நம்ப மாட்டாங்க."